மாடத்தி பேருக்கு வந்த கடிதம்

"முதல்ல அந்த ஜன்னலைச் சாத்து" என்றார் ராமபத்ரன்.

அனந்தலக்ஷ்மி அப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள். இடது மார்பில், அக்குள் பக்கமாக, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. பத்து நாளாக இருக்கிறது, டாக்டரிடம் காட்டலாமா? இவ்வளவுதான் அவள் சொன்னது. இருபத்திரண்டு வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய மனுஷன் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கனகாம்பாள் வீடு. அவருக்கு முதலில் ஞாபகம் வந்தது அதுதான்.

மட்டாஞ்சேரியின் அந்தப் பிராமணத் தெருவில், கனகாம்பாள் காதில் காலையில் விழுந்த சேதி சாயங்காலம் பாலக்காட்டில் இருக்கும். மகள் மீனாக்ஷிக்கு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்ததும் பாலக்காட்டில்தான். தை மாதம் கல்யாணம். இப்போது புரட்டாசி.

"பொண்ணோட அம்மாவுக்கு மார்ல கட்டின்னு தெரிஞ்சா அவா சும்மா இருப்பாளா? நாளைக்குப் பொண்ணுக்கும் வரும்பா. வேற எடம் பாத்துக்கோங்கோன்னு கடுதாசி போட்டுடுவா. மனசிலாச்சோ?"

"நாலு மாசத்துல பெரிசாயிடாதோன்னா?"

"பத்து நாளா சும்மாதானே இருக்கு? கல்யாணம் முடியட்டும். மெட்ராஸுக்கே அழைச்சிண்டு போறேன். வெறுதே பயப்படாதே."

ராமபத்ரன் கெட்டவர் இல்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெண்டாட்டி மேல் கைநீட்டியதில்லை. காப்பி ஆறிப் போயிருந்தால் ஒரு முணுமுணுப்போடு சரி. இப்படிப்பட்ட நல்லவர்கள் நல்ல நாளுக்காகக் காத்திருந்ததிலேயே எத்தனை பெண்கள் போய்ச் சேர்ந்தார்கள் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. அவரும் அன்றைக்குக் காப்பியைக் குடித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

வேலை, பஜார் ரோட்டில் ஒரு குஜராத்தி சேட்டின் பண்டகசாலையில். சுக்கும் மிளகும் கப்பலேறும் இடம். ராமபத்ரன்தான் மேனேஜர். அவருக்குக் கீழே நாற்பத்திரண்டு பெண்கள் சுக்கைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

அந்த வருஷம், அதாவது அறுபத்திரண்டில், எர்ணாகுளத்திலிருந்து கமலாக்ஷி என்ற லேடி டாக்டர் அங்கே வர ஆரம்பித்திருந்தார். மார்புக் கட்டியை, ஆள் படுத்த படுக்கையான பிறகு பார்க்காமல், நன்றாக நடமாடும்போதே தேடிக் கண்டுபிடித்தால் எத்தனை பேர் பிழைப்பார்கள்? இதுதான் அந்த அம்மாளின் ஆராய்ச்சி. சேட் சரி என்றார். மேனேஜர் ஆட்களின் பட்டியலை எழுதிக் கொடுத்தார். புதன்கிழமைதோறும் பின்கட்டில் சாக்குத் திரை கட்டி, பட்டியல்படி ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுப் பார்த்தார் டாக்டர். வீட்டில் தாங்களே எப்படித் தடவிப் பார்த்துக்கொள்வது என்றும் சொல்லிக் கொடுத்தார்.

அந்த நாற்பத்திரண்டில் ஒருத்தி மாடத்தி. புருஷன் இல்லை. நாக்கு மட்டும் மூன்று பேருக்கு உண்டு. சனிக்கிழமைகளில் மேனேஜர் வீட்டுக் கொல்லையைக் கூட்டிப் பெருக்க வருவாள். கிணறு வரை வரலாம், அதைத் தாண்டக் கூடாது. டாக்டரம்மா சொல்லிக் கொடுத்த வித்தையை அந்தக் கிணற்றடியில் நின்று அபிநயம் பிடித்துக் காட்டியவள் அவள்தான். அனந்தலக்ஷ்மி வயிறு வலிக்கச் சிரித்தாள். மறுநாள் குளிக்கும்போது விளையாட்டாகத் தானும் செய்து பார்த்தாள். அப்போது நின்றது சிரிப்பு.

"சாமி என்ன சொன்னாக?" என்று, ராமபத்ரன் ஜன்னலைச் சாத்தச் சொன்னதற்கு அடுத்த சனிக்கிழமை கேட்டாள் மாடத்தி. கட்டி விஷயம் அனந்தலக்ஷ்மி சொல்லி அவளுக்கு முன்பே தெரியும்.

"கல்யாணம் முடியட்டும்னார்."

"சரிதான். அதுவரைக்கும் வளராதேன்னு கட்டிகிட்ட யாரு போய்ச் சொல்லுதது?"

அனந்தலக்ஷ்மிக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. "பயமா இருக்கு மாடத்தி. மீனு கல்யாணத்தைப் பாப்பேனான்னு இருக்கு" என்றாள்.

மாடத்தி விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "புதன்கிழமை வாங்கம்மா. அன்னைக்கு சாமி கப்பல்ல சரக்கு ஏத்தப் போயிருவாக. என் முறை வருது. நீங்க போங்க."

"பேரு கேட்டா?"

"மாடத்தின்னு சொல்லுங்க. உங்க பேரைச் சொன்னா காகிதம் உங்க வீட்டுக்குல்லா வரும்?"

புதன்கிழமை, மாடத்தியின் சாயம்போன நூல் புடவையைச் சுற்றிக்கொண்டு, சுக்குத் தூசியில் தும்மிக்கொண்டு, மேனேஜர் வீட்டம்மாள் வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் மேலே பட்டுவிடாமல் ஒதுங்கி இடம் விட்டாள்.

"எதுக்கு ஒதுங்கறே? இன்னிக்கு நான் மாடத்தி. ஒட்டி உக்காரு" என்றாள் அனந்தலக்ஷ்மி.

வரிசை முழுக்கக் கிளுகிளுத்தது. திரைக்குப் பின்னால் போனபோதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது, காதிலிருந்த வைரத்தோட்டைக் கழற்றவில்லை. டாக்டர் கமலாக்ஷி கட்டியை அழுத்திப் பார்த்தார். அக்குளைப் பார்த்தார். பிறகு தோட்டையும் பார்த்தார்.

"நீங்க மாடத்தி தன்னேயோ?"

அனந்தலக்ஷ்மி தலையாட்டினாள்.

"ஆ, பேரு எதானாலும் சாரமில்லா, பரவாயில்லை. கட்டி உள்ளதுதானல்லோ" என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

பின்னாலேயே நிஜ மாடத்தியும் போய்க் காட்டிவிட்டு வந்தாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. நாற்பத்திரண்டு பேர் பட்டியலில் நாற்பத்து மூன்று பேர் வந்ததை டாக்டர் தம் ஆராய்ச்சியில் எப்படிச் சரிக்கட்டினாரோ, அது அவர் பாடு.

எட்டாம் நாள் மாடத்தி பேருக்குப் பண்டகசாலை விலாசத்தில் கடிதம் வந்தது. வேலையாட்களுக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வது மேனேஜர் வழக்கம். பெண்கள் சுற்றி நிற்க, மலையாளத்தில் இருந்ததை ராமபத்ரன் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு வரியில் அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

"மாடத்தி, ஒனக்கு மார்ல ஒரு கட்டி இருக்காம். உடனே வந்து எடுத்துக்கணுமாம். சின்னதா இருக்கறப்பவே கண்டுபிடிச்சதனால நல்லபடியா ஆகும்னு எழுதியிருக்கா."

மாடத்தி கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "வார தையில மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேனே சாமி. அது முடிஞ்சி போறேன்."

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். மாடத்திக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். அது அங்கே எல்லோருக்கும் தெரியும், ஒன்பது வருஷமாக அவளை வேலை வாங்கும் மேனேஜரைத் தவிர.

"பைத்தியமா நீ? நாலு மாசத்துல அது பெரிசாச்சுன்னா என்ன பண்ணுவே? அம்மா இல்லாம அந்தப் பொண்ணு மணையில உக்காரணுமா?"

"விசயம் தெரிஞ்சி மாப்பிள வீட்டுக்காரன் வேண்டாம்னுட்டா?"

"போனா போறான்!" ராமபத்ரன் மேஜையைத் தட்டினார். "பெத்த தாயோட உசிரைவிட அவன் பெரிசா? அப்படிப்பட்டவன் வீட்டுல பொண்ணைக் கொடுக்கறதே பாவம்!"

மாடத்தி விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். இதைக் கேட்டதும் அவள் கண் நிஜமாகவே கலங்கிவிட்டது. மனுஷனுக்குள் இவ்வளவும் இருந்திருக்கிறதே!

கடிதத்தோடு ஒரு சம்மதத் தாளும் இருந்தது. ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். "ஒனக்குத்தான் யாரும் இல்லையே, நான் போடறேன்" என்று ராமபத்ரன் பேனாவைத் திறந்து முழுப் பெயரையும் எழுதினார். பதினைந்து நாள் லீவும் கொடுத்தார். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு நடந்தபோது மனசு நிறைந்திருந்தது. கதையை அனந்தத்திடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனார்.

சொல்ல அவசியமில்லாமல் போயிற்று. அனந்தலக்ஷ்மி நல்ல புடவை உடுத்தி, மாற்றுத் துணிகளோடு பையை வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றிருந்தாள். பக்கத்தில் மீனாக்ஷி. கொல்லையில் கிணற்றடியில் மாடத்தி.

"எங்கே கிளம்பிட்டே?"

"எர்ணாகுளத்துக்கு." கடிதத்தை நீட்டினாள்.

"இது மாடத்தியோடதாச்சே!"

"பேரு மாடத்தியோடது. கட்டி என்னுது."

ராமபத்ரன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட இருந்த சம்மதத் தாளைத் திருப்பிப் பார்த்தார். கீழே தம் கையெழுத்து, மை காய்ந்து, அழகாக இருந்தது.

"நாப்பது பேருக்கு முன்னாடி சொன்னேளாமே, போனா போறான்னு" என்றாள் அனந்தலக்ஷ்மி. "மாடத்தி வந்து சொன்னப்போ அழுதுட்டேன். எனக்காக நீங்க இப்படி ஒருநாளும் பேசினதில்லையே."

அவர் முகம் சுண்டிப் போயிற்று. வெட்கப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வெட்கத்தைவிடப் பயம் பெரியது. மெதுவாகச் சொன்னார்: "போகாதேன்னு சொல்லலை. ஆஸ்பத்திரியிலயும் மாடத்தின்னே இருந்துடேன். கல்யாணம் வரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம்."

கிணற்றைத் தாண்டி வரக் கூடாத மாடத்தியின் பெயரைத் தம் மனைவி சூட்டிக்கொள்வதில் அவருக்கு இப்போது எந்தத் தீட்டும் தெரியவில்லை.

"அவ பேரை வாங்கினது போதும். ஆஸ்பத்திரியில என் பேரையே சொல்லிக்கறேன். உங்க கையெழுத்துதான் இருக்கே" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"நான் இருக்கேம்மா, கூடவே" என்று மீனாக்ஷி பையைத் தூக்கிக்கொண்டாள். கொல்லைச் சந்து வழியாகத் திரும்பப் போன மாடத்தியை, "இப்படியே வா, நேரமாச்சு" என்று கூப்பிட்டாள் அனந்தலக்ஷ்மி. மூன்று பேரும் கூடத்தைக் கடந்து வாசல் வழியாகத் தெருவில் இறங்கினார்கள்.

கனகாம்பாள் தன் வீட்டு வாசற்படியில் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "எங்கேடி, பையும் கையுமா?"

"ஆஸ்பத்திரிக்கு மாமி. மார்ல ஒரு கட்டி. ஆபரேஷன் பண்ணணுமாம்."

கோயிலுக்குப் போகிறேன் என்கிற குரலில்தான் சொன்னாள். பின்னால் வாசலில் வந்து நின்ற ராமபத்ரன் கண்ணை மூடிக்கொண்டார். பாலக்காட்டுச் சம்பந்தம் போயே போயிற்று.

கனகாம்பாளின் விரல்கள் அரிசியில் நின்றன. தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தாள், அந்தக் கோடியைப் பார்த்தாள். ஊரே கேட்கப் பேசுகிறவள், பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்காத குரலில் கேட்டாள்:

"வலிக்கிறதோ?"

"இல்லை மாமி. வலிக்கவே இல்லை."

"எனக்கும் வலிக்கலைடி" என்றாள் கனகாம்பாள். "போன வருஷம் ஆவணியிலேர்ந்து."

அவள் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"கொஞ்சம் நில்லு. புடவையை மாத்திண்டு வந்துடறேன்."