படம் எடுத்தவர்

…அத்தையாம், அத்தை. வாசலில் செருப்பை மாற்றிக்கொண்ட நிமிஷத்திலிருந்து இதே பாட்டு, டீயெல்லாம் வேண்டாம் அத்தை, அந்த ஜன்னலைக் கொஞ்சம் மூடிக்கலாமா அத்தை, வெளிச்சம் அடிக்குது அத்தை… பெண்ணைக் குறை சொல்ல முடியாது, மரியாதையாகத்தான் பேசுகிறாள், ஷாங்காயிலிருந்து ஸ்கேனரையும் மடிக்கணினியையும் சுமந்துகொண்டு ரயிலேறி, லிஃப்ட் இல்லாத இந்தக் கட்டடத்தில் ஆறு மாடி ஏறி, மூச்சு வாங்கக்கூட நேரமில்லாமல் சாப்பாட்டு மேஜையில் கடை விரித்திருக்கிறாள். யிதிங் என்று பெயர். அந்தக் காலத்துக் கலைஞர்களின் காகிதம், கடிதம், நெகட்டிவ் எல்லாவற்றையும் தேடிப் பிடித்துப் பத்திரப்படுத்தும் காப்பகத்தில் வேலை. ஆனால் ஜெர்மனிக்குப் போய்ப் பெரிய கலைஞனாகிவிட்ட குவோ ஜிலியாங்கின் பெயர் வரும்போது மட்டும் அவள் வாயெல்லாம் பல், குவோ சார் சொன்னாரு, குவோ சார் குடுத்தாரு. அந்தக் கலைக்கூட்டத்தில் எவனைப் பார்த்தாலும் மரியாதைக்கு ஆசிரியர்தான், ஆணென்றால் சார், பெண்ணென்றால் டீச்சர், படத்துக்குச் சட்டம் அடிக்கிறவன் ஆசிரியர், லாரியிலிருந்து படங்களை இறக்குகிறவன்கூட ஆசிரியர், தாவ் சூவென் ஒருத்திதான் அத்தை. வீடு துடைக்க வருகிறவளையும் ஹாங்சோவில் அத்தை என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சொல்லிவிட வேண்டும், இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி எப்போது? அதற்காகத்தானே இவளை வரச் சொன்னது. ஒரு வாரமாகப் பாத்திரம் கழுவும்போதும் மார்க்கெட்டில் வரிசையில் நிற்கும்போதும் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம், இந்தப் படங்களை எடுத்தவள் நான், என் பெயரைப் போடுங்கள்… இவ்வளவுதான், இதைச் சொல்ல ஏன் இன்னும் வாய் வரவில்லை? மகள் நிங்போவிலிருந்து போனில் சிரித்தாள், அம்மா, நீ நெகட்டிவ் போட்டு வச்ச அந்த நிலாப்பண்டிகை கேக் டப்பாவையா தேடி வராங்க, நான் போன தடவையே குப்பையில போடச் சொன்னேனே. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், குவோவின் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்திருக்கும். அவனிடம் இருப்பது வெறும் பிரதிகள், அவையும் மஞ்சள் பூத்துவிட்டனவாம், பெர்லின் மியூசியத்தில் கண்ணாடிக்குள் தொங்குவதும் அப்படியொரு பிரதிதான். மூல நெகட்டிவ் ஹாங்சோவில் ஒரு பட்டு ஆலைப் பெண்ணிடம் இருக்கலாம் என்று அவனே வாய் திறந்திருக்கிறான், வேறு வழியில்லாமல்தான், பாசத்தினாலா சொல்லியிருப்பான்?

யிதிங் வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு முதல் நெகட்டிவ் துண்டைக் காகித உறையிலிருந்து உருவினாள், ஏதோ பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி. சூவெனுக்குச் சிரிப்பு வந்தது. இதை அவள் கழுவியபோது கையுறை ஏது, ஆலையின் மாடிப்படிக்கு அடியில், கறுப்புத் துணி தொங்கவிட்ட பொந்தில், விரலெல்லாம் மருந்து நாற்றம். திரையில் முதல் படம் கோடு கோடாக இறங்கி வந்தது, நெஞ்சில் பெரிய சிவப்புக் காகிதப் பூவுடன் குண்டாக ஒரு பெண்மணி, அடுத்ததிலும் பூ, அடுத்ததிலும். அந்த மாதத்து முன்மாதிரித் தொழிலாளர்கள். பிரசாரப் பிரிவில் சூவெனுக்கு அதுதான் வேலை, பூக்குத்திய நெஞ்சுகளைப் படம் எடுத்து வாசல் பலகையில் ஒட்டுவது. கேமரா ஆலையுடையது, ஃபிலிம் ஆலையுடையது, ரோலின் கடைசியில் மிஞ்சும் வால் மட்டும் யாருக்கும் தெரியாமல் அவளுடையது. இதெல்லாம் எதுக்கும்மா, எல்லாரும் தேடுற அந்தக் கதவுப் படத்துக்குப் போயேன் என்றாள் சூவென். யிதிங் தலையை ஆட்டினாள். "முழு ரோலும் வேணும் அத்தை. ஓரத்தைக்கூட வெட்டக் கூடாது, அதுதான் எங்க வழக்கம்." சரி, வெட்டாதே தாயே, வெட்டுகிறவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

அந்த வாலுக்காகத்தான் குவோ வந்தான், ஆலை வாசலில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு, குளிரில் மூக்கைச் சிந்திக்கொண்டு. பத்தே பத்து படம் சூவென், உங்க ஆபீஸ் ஃபிலிம்ல மிச்சம் இருக்குமில்ல… எண்பத்தேழு குளிர்காலம், ஓவியக் கல்லூரியை முடித்துவிட்டு வேலையில் மனம் ஒட்டாமல் திரிந்த ஆறு பேர், ஆறும் ஆண்கள், ராத்திரி முழுக்க நூடுல்ஸும் மலிவுச் சாராயமுமாகக் கலையைப் புரட்டிப் போடப் போவதாகச் சத்தியம் செய்வார்கள், விடிந்தால் ஒருவனுக்கும் யோசனை ஒன்றும் நினைவிருக்காது. கதவு யாருடைய யோசனை? அவளுடையது. எட்டுப் பேர் படுக்கிற பெண்கள் விடுதி அறையில் இருந்தவளுக்குத்தான் அது தோன்றும், எவள் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு வருவாள், உடை மாற்றும்போதும் வருவாள், அழும்போதும் வருவாள். பழைய விடுதியை இடித்தபோது ஒரு கதவைச் சட்டத்தோடு கேட்டு வாங்கி வைத்தவள் அவள். அதைக் கால்வாய்ப் பாலத்தின் உச்சியில் கொண்டுபோய் நிறுத்துங்க, ஒவ்வொருத்தரும் தட்டிட்டுத்தான் நுழையணும், இந்த ஊர்ல தட்டாம நுழைய முடியாத கதவு ஒண்ணாவது இருக்கட்டும் என்றாள். குவோ தொடையைத் தட்டினான். அந்தத் தட்டலோடு யோசனை அவனுடையதாகிவிட்டது… அப்போது அது தெரியவில்லையே, தொடையைத் தட்டிப் பாராட்டினான் என்று காதெல்லாம் சூடேற நின்றாளே, அந்த இருபத்தைந்து வயசுக் கழுதையை என்ன சொல்ல.

விலை கொடுத்தது யார்? ஃபிலிம் கணக்கு இடித்தது, பாதுகாப்புப் பிரிவு பொந்துக்குள் புகுந்து பிரதிகளைக் கிளறியது, முன்மாதிரித் தொழிலாளர்களுக்குப் பின்னால் கதவைத் தூக்கிக்கொண்டு ஆறு பைத்தியங்கள். நெகட்டிவை அவள் முன்னாலேயே மறைத்துவிட்டாள், அந்தப் புத்தி மட்டும் இருந்தது. பிரசாரப் பிரிவிலிருந்து தூக்கிப் பட்டுக்கூடு வேகவைக்கிற கூடத்தில் போட்டார்கள். கொதிநீர்த் தொட்டிக்குள் விரலை விட்டு நூல் முனையைத் தேடித் தேடி நகமெல்லாம் வெளுத்து, செத்த புழுவின் நாற்றம் சோற்றுக் கிண்ணத்தில், தலையணையில், கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்த கட்டிலில். குவோ அதற்குள் ஜெர்மனிக்குக் கம்பி நீட்டிவிட்டான். போவதற்கு முன் நெகட்டிவை ஒரு வாரம் கடன் வாங்கிப் பெரிய பிரதிகள் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்தான், அது ஒன்றுதான் அவன் திருப்பித் தந்தது. அப்புறம் செங்கல் கனத்தில் புத்தகங்கள், அட்டையில் அதே படம், மூடுபனி, பாலம், கதவு, கதவுக்குள் பாதி நுழைந்த நீலக்கோட்டு உருவம் அசைந்து மங்கலாக. கலைஞர் இரண்டு உலகங்களுக்கு நடுவே கடந்துபோகிறாராம், எவனோ எழுதியிருக்கிறான், குவோவும் ஆமாம் நான்தான் என்று தலையாட்டியிருக்கிறான். கடந்துபோவதாவது, ராத்திரிச் சாராயத்தின் தலைக்கிறக்கத்தில் அவன் தடுக்கி விழாமல் இருந்ததே பெரிது. அந்த நொடி அவளுக்குத் தெரியுமே, உலோகத்தின் சில்லிப்பு கன்னத்தில் ஒட்டியது, கை ஆடக்கூடாதென்று மூச்சைப் பிடித்தது, அழுத்தியது… எத்தனை வருஷமாக அந்த அழுத்தலை விரலில் வைத்துக்கொண்டிருக்கிறாள், தூக்கத்தில்கூட.

மடிக்கணினியில் கட்டம் கட்டமாக என்னவோ இருந்தது. தலைப்பு, வருஷம், இடம். படம் எடுத்தவர் என்ற கட்டத்தில், தெரியவில்லை. தெரியவில்லையா? அவளுடைய வீட்டில், அவளுடைய மேஜையில், அவளுடைய கண்ணெதிரே உட்கார்ந்துகொண்டு தெரியவில்லை. ஒரு வாரம் ஒத்திகை பார்த்த வாக்கியம் போன இடம் தெரியவில்லை, வெளியே வந்தது இதுதான்.

"அதை அழி. நான்தான் எடுத்தேன்."

யிதிங் நிமிர்ந்து பார்த்தாள், கொஞ்சம் சங்கடமாக, கடைக்காரன் விலை சொன்னதும் சிரிக்கிறவர்கள் மாதிரி. "நீங்களா அத்தை? இல்ல, குவோ சார் பேட்டியில வேற மாதிரி…" என்ன மாதிரி, போட்டுக் காட்டு, பரவாயில்லை என்றாள் சூவென். யிதிங் போட்டுக் காட்டினாள். குவோவின் குரல் தடித்துப்போயிருந்தது, நடுநடுவே இருமல், ஆனால் அந்த அலட்சியம் அப்படியே இருந்தது. "யாரு எடுத்தாங்கன்னா… எவளோ ஒரு ஆலைப் பொண்ணுப்பா, அங்க நின்னுட்டிருந்தா. கேமராவைக் கையில குடுத்து, இந்தா அழுத்துன்னோம், அழுத்தினா. அவ பேரு யாருக்குத் தெரியும்."

எவளோ. அங்கே நின்றுகொண்டிருந்தாளாம். வயிறு பற்றி எரிந்தது, அடுப்பில் வைத்த வாணலி மாதிரி நிஜமாகவே சூடு தொண்டைவரை ஏறியது. பேர் தெரியாதா உனக்கு, ஆலை வாசலில் ஊர் கேட்கச் சூவென் சூவென் என்று கத்தினாயே, கடன் வாங்கிய நெகட்டிவின் உறைமேல் உன் கையாலேயே என் பேரை எழுதித் தந்தாயே. அந்த உறையை டப்பாவிலிருந்து எடுத்து யிதிங் முன்னால் வைத்தாள். ஆலையின் கேமரா, பிரசாரப் பிரிவு, மாற்றல், கொதிநீர்த் தொட்டி, எல்லாவற்றையும் வரிசை இல்லாமல் கொட்டினாள். யிதிங் கேட்டுக்கொண்டே இருந்தாள், அந்தப் பெண்ணின் முகம் மாறியது, உறையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைசியில் அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு அடித்தாள், தாவ் சூவென். முழு ரோலுக்கும் போட்டுடறேன் என்றாள். ம்… முழு ரோலுக்கும் போடு. மூன்றே மூன்று சீன எழுத்துகள், எத்தனை சின்னதாக இருக்கின்றன, இதற்கா இத்தனை வருஷம்.

கடைசித் துண்டு. ஸ்கேனர் முனகியது. பாலம் இறங்கி வந்தது, பிறகு பனி, பிறகு கதவு, அந்தப் பிரசித்தி பெற்ற படம்தான், ஆனால் புத்தகத்தில் இருப்பதைவிட அகலமாக. யிதிங் முன்னால் குனிந்தாள். இடது ஓரத்தில், புத்தகத்தில் இல்லாத பக்கத்தில், கதவுச் சட்டத்தைத் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டு ஒருவன் பல்லைக் காட்டினான். குவோ, சந்தேகமே இல்லை, அந்தக் காது வேறு யாருக்கு உண்டு. ஓரத்தில் நின்ற தன்னை வெட்டி எறிந்துவிட்டு, நடுவில் நிற்பதும் தானே என்று உலகத்தை நம்ப வைத்திருக்கிறான், படுபாவி, இப்படியும் ஒரு மூளை. யிதிங் அவனுக்குப் பின்னால் நின்ற மற்றவர்களை விரல்விட்டு எண்ணினாள், குவோவைச் சேர்த்து ஆறு, ஆறு பேரும் கதவுக்கு வெளியே. அப்போ கதவுக்குள்ள போறது யாரு என்றாள், தனக்குத்தானே, மங்கலான அந்த உருவத்தைப் பெரிதாக்கிக்கொண்டே. நீலக் கோட்டு. முழங்கைவரை, சட்டைக்கை அழுக்காகாமல் ஆபீஸ் பெண்கள் மாட்டிக்கொள்ளும் துணி உறை, பூப்போட்டது. அந்த ஆறு பேரில் எவன் பூப்போட்ட உறை மாட்டியிருந்தான்? இடுப்பருகே தோல்வாரில் தொங்கும் கேமரா உறை, மூடி திறந்து, நாக்கு மாதிரி ஆடிக்கொண்டு, உள்ளே ஒன்றும் இல்லாமல்.

"டீச்சர்!" யிதிங் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேவிட்டாள். "இது நீங்க. கதவுக்குள்ள போறது நீங்கதான் டீச்சர், எல்லாரும் குவோ சார்னு எழுதியிருக்காங்க, எல்லா புக்கையும் திருத்தணும், எங்க டைரக்டர் துள்ளிக் குதிப்பாரு…" டீச்சர். வந்துவிட்டது, கேட்டு வாங்காமலே வந்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டியதுதானே, பெர்லினில், கண்ணாடிக்குள், ஊரே நின்று பார்க்கிற அந்த உருவம் அவள். நுழைந்தாளா? ஆமாம், நுழைந்தாள், இப்போது வருகிறது, நீயும் வா சூவென், உன் யோசனைதானே என்று ஒருவன் கத்தியது, குவோ இல்லை, அவர்களில் நல்லவன் ஒருவன். தட்டினாள், மூன்று தரம், வெறும் காற்றைப் பார்த்து வெட்கமில்லாமல் தட்டினாள், உள்ளே காலை வைத்தபோது அடிவயிறு கூசியது. அப்போது கேமரா எங்கே? கன்னத்தில் சில்லிட்ட உலோகம் எங்கே, பிடித்த மூச்சு எங்கே, இத்தனை வருஷம் விரல் நுனியில் வைத்திருந்த அந்த அழுத்தல் யாருடையது?

"அப்போ இதை எடுத்தது யாரு டீச்சர்?"

ஒரு கை வந்தது. விரல்முனை வெட்டிய கம்பளிக் கையுறை, ஈரத்தில் ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல்கள்… கூடு வேகவைக்கிற கூடத்து விரல்கள், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பாலம் வழியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த எவளோ. இங்க பாரு, இப்படிப் பிடி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அழுத்து என்று அந்தக் கையைப் பிடித்துக் காட்டியது சூவெனேதான். கேமராவைத் திருப்பித் தரும்போது அந்தப் பெண் சொன்னாள், வந்துச்சோ இல்லையோ தெரியல அக்கா. அக்கா என்றாளே. முகம்? முகம் வரவில்லை, தலையில் கட்டிய வெள்ளைத் துணிக்குக் கீழே ஒன்றுமே வரவில்லை. அந்தக் கொதிநீர்க் கூடத்தில் பிறகு சூவெனும் வருஷக்கணக்கில் நின்றாளே, பக்கத்துத் தொட்டியில் நின்றவளாகக்கூட இருந்திருக்கலாம், ஒருநாளாவது தேடிப் பார்த்தாளா? எவளோ ஒரு ஆலைப் பொண்ணு, அங்க நின்னுட்டிருந்தா… குவோ இந்த ஒன்றில் மட்டும் பொய் சொல்லவில்லையா? அப்படியென்றால் சற்று முன்னால் வயிறு எரிந்தது யாருக்காக?

யிதிங் விசைகளின்மேல் விரலை வைத்தபடி காத்திருந்தாள். "ரோல் முழுக்க உங்க பேருன்னு போட்டாச்சு. இதுக்கும் அப்படியே இருக்கட்டுமா, இல்ல மறுபடி தெரியலைன்னு மாத்தட்டுமா?"

தெரியவில்லை என்று போடச் சொல்வதா, தன் வாயாலேயா? அந்தச் சொல்லைச் சற்று முன்தான் அழிக்க வைத்தாள். இருக்கட்டும் என்றால் இருந்துவிடும், கேட்க யார் இருக்கிறார்கள், அந்த வெள்ளைத் துணிக்காரி எந்த மாடியில், எந்த ஊரில், உயிரோடுதான் இருக்கிறாளோ… சூவென் வாயைத் திறந்தாள், திறந்ததும் தெரிந்தது, இரண்டில் எதைச் சொன்னாலும் அது குவோ சொல்லியிருக்கக் கூடியதுதான்.