பரண்மேல் தொட்டி

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் கேட்டுவிடுகிற கேள்வி ஒன்று உண்டு: இங்கே குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா? ஆங்கிலேய ஊரான ஸ்கார்பரோவில் கடலைப் பார்த்த தெருக்களில் விடுதி நடத்துகிறவர்களுக்கு இதைக் கேட்டாலே மூக்கு விடைக்கும். எங்கள் ஊர்த் தண்ணீரையா சந்தேகப்படுகிறாய் என்று ஒரு பார்வை பார்ப்பார்கள், அதோடு பதில் முடிந்தது. லோர்னா மட்டும் அப்படி முடிப்பதில்லை.

"கீழ சமையல்கட்டுக் குழாய்ல தாராளமா குடி, கண்ணு. மாடி பாத்ரூம்ல மட்டும் வேண்டாம். வாயக் கொப்பளிச்சியா, துப்பிடு. ரூம்ல ஜாடி வச்சிருக்கேன், தீந்தா என்னைக் கூப்பிடு."

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. பழைய வீடுகளில் வளர்ந்த எல்லோருக்கும் தெரிந்த விதிதான். சமையலறைக் குழாய்க்குத் தெருவிலிருந்து நேராகத் தண்ணீர் வரும். குளியலறைக் குழாய்க்குப் பரண்மேல் தொட்டியிலிருந்து வரும். அந்தத் தொட்டியில் புறா செத்துக் கிடக்கிறது என்று சொல்லிச் சொல்லியே தாய்மார்கள் பிள்ளைகளை வளர்த்தார்கள்.

லோர்னாவின் தொட்டியில் புறா இல்லை. அங்கே டெரெக் இருந்தார். செத்துப்போன தன் கணவர் அங்கிருந்து தட்டுகிறார் என்று அவள் நம்பினாள்.

ஏழு வருடத்துக்கு முன்னால் தொட்டியின் மரமூடி உளுத்துப்போனது. டெரெக் புது மூடி வாங்கிக்கொண்டு பரண் ஏறினார். ஏறியவர் இறங்கவில்லை. மாரடைப்பு. ஆம்புலன்ஸ் ஆட்கள் அவரைக் கீழே கொண்டுவந்தபோது முகத்தில் மூக்குக்கண்ணாடி இல்லை. அது இல்லாவிட்டால் டெரெக்குக்குக் கண்ணெதிரே நிற்கிற ஆள் தெரியாது. லோர்னா மருத்துவமனையில் போய்ச் சத்தம் போட்டாள், வண்டிக்குள் தேடச் சொன்னாள், கிடைக்கவில்லை. கண்ணாடி இல்லாமலே புதைத்தார்கள். பாவம், வழி தெரியாமல் எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறாரோ என்கிற நினைப்பு அவளை அன்றைக்குப் பிடித்தது, பிறகு விடவே இல்லை.

தட்டல் ஆரம்பித்ததும் அந்த வாரத்தில்தான். காலையில் முகம் கழுவிக் குழாயை மூடுவாள். மேலே தொட்டி நிரம்புகிற சத்தத்தோடு டொக், டொக் என்று கேட்கும். குழாயைத் திறந்தால் தொட்டியில் தண்ணீர் குறையும், குறைந்தால் நிரம்பும், நிரம்பும்போது எதுவோ தட்டும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டேதான் "என்ன, எழுந்தாச்சா? குட் மார்னிங்" என்று மேலே பார்த்துச் சொல்வாள். டொக், டொக். அவளுக்கு அது போதும். அதைக் கேட்டால்தான் இறங்கிப்போய் முட்டை பொரிக்கத் தெம்பு வரும்.

பிளம்பர் பாரி பக்கத்துத் தெரு. வந்தால் சும்மா இருக்க மாட்டான்.

"என்ன லோர்னா, உன் வீட்டுக் குழாய்க்கு வாய் நீளமா இருக்கு. ஏணியப் போடு, பத்து நிமிஷத்துல அடக்கிக் காட்டுறேன்."

"உன் வாய மொதல்ல அடக்கு. டீ ஆறுது, குடி."

சரிசெய்தால் டெரெக் போய்விடுவார். அதனால் யாரையும் பரண் ஏற விடவில்லை, அவளும் ஏறவில்லை. ஜாடிகளை மட்டும் ஒரு நாள் தவறாமல் நிரப்பினாள். ஊரை ஏமாற்றவில்லை, ஜாடிதான் வைக்கிறோமே என்று மனதைத் தேற்றிக்கொள்ள அது உதவியது.

போன வசந்தத்தில் இத்தாலியிலிருந்து இலாரியா என்கிற பெண் கைக்குழந்தையோடு வந்தாள். பாரி நகரத்துக்காரி. பிளம்பரின் பெயரும் அதுதான் என்று கேட்டதும் வயிறு வலிக்கச் சிரித்தாள். மறுநாள் காலை உணவுக்கு வந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. குழந்தை எலியோ அவள் தோளில் துவண்டு கிடந்தான்.

"விடியக்காலைலேர்ந்து மூணு தடவ கக்கிட்டான். வயித்தாலயும் போகுது."

"என்ன குடுத்த?"

"பால்பொடிதான். ஜாடி காலியாயிடுச்சு. உங்களை எழுப்ப வேண்டாமேன்னு பாத்ரூம் குழாய்ல புடிச்சேன். கெட்டில்ல நல்லா கொதிக்க வச்சேன். இங்க எல்லாத் தண்ணியும் குடிக்கலாம்னு எங்க ஊர்ல சொன்னாங்களே. அந்தத் தண்ணில என்னதான் இருக்கு?"

ஏழு வருடமாக மூடியில்லாத தொட்டி. அதில் என்ன இருக்கிறது என்று லோர்னாவுக்கே தெரியாது. கையிலிருந்த தட்டை மேசைமேல் வைத்தாள். வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

டாக்டரிடம் அவளே காரில் கூட்டிப்போனாள். குழந்தைகளுக்கு வருவதுதான், பால் மாறியதாலும் இருக்கலாம், தண்ணீராலும் இருக்கலாம் என்றார் டாக்டர். மருந்துப்பொடி ஒன்றைக் கொடுத்து, அடிக்கடி ஊட்டச் சொன்னார். மதியத்துக்குள் எலியோ கொஞ்சம் தெளிந்து, லோர்னாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தான். அவள் அவனைத் தாயிடம் கொடுத்துவிட்டு ஏணியை எடுத்தாள்.

பரணில் அவர் விட்டுவிட்டுப் போனபடியே எல்லாம் இருந்தது. புது மூடி பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் புகைபோக்கிச் சுவரில் சாய்ந்திருந்தது. பழைய இரும்புத் தொட்டி. டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர்மேல் செத்த அந்துப்பூச்சிகளும் தூசி ஏடும் தெரிந்தன.

"இலாரியா, அந்த பாத்ரூம் குழாயக் கொஞ்சம் திற."

தண்ணீர் இறங்கியது. தொட்டி நிரம்பியதும் தண்ணீரை நிறுத்துகிற மிதவைப் பந்து தாழ்ந்தது, அதன் பித்தளைக் கம்பியும் கூடவே சாய்ந்தது. புதுத் தண்ணீர் சீறிக்கொண்டு பாய்ந்தது. டொக், டொக்.

அந்தக் கம்பியில், ஒற்றைக் காதால் மாட்டிக்கொண்டு, பழுப்புச் சட்டம் போட்ட ஒரு மூக்குக்கண்ணாடி தொங்கியது. தண்ணீர் பாய்கிற பாய்ச்சலில் ஆடி ஆடி இரும்பில் மோதிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்த டெரெக்கின் முகத்திலிருந்து விழுந்தது, அடிக்குப் போகாமல் அங்கேயே சிக்கியிருக்கிறது.

லோர்னா உத்தரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தன வருஷமா கண்ணாடியக் கேட்டுட்டு இருந்திருக்க," என்றாள். "நான் குட் மார்னிங் சொல்லிட்டு இருந்திருக்கேன்."

டொக், டொக்.

எடுத்துவிட்டால் இந்தச் சத்தம் இனி கிடையாது. அப்படியே விட்டுவிட்டு மூடியை மட்டும் போட்டுவிடலாமா என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். கீழே எலியோ சிணுங்கத் தொடங்கினான். அவள் சட்டைக் கையை முழங்கைக்குமேல் ஏற்றி, குளிர்ந்த தண்ணீருக்குள் கையை விட்டு, கண்ணாடியைக் கழற்றி எடுத்தாள்.

அன்று மாலையே கல்லறைக்குப் போய், புல்லைக் கிளறி அதை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் பாரி வந்து தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மருந்து போட்டு, அந்தப் புது மூடியையே பொருத்தினான். அவள் முகத்தைப் பார்த்தானோ என்னவோ, வாயே திறக்கவில்லை. கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

இலாரியா ஊருக்குக் கிளம்புகிற காலையில் லோர்னா குளியலறையில் முகம் கழுவிக் குழாயை மூடினாள். மேலே தொட்டி நிரம்பியது. தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. "குட் மார்னிங்" என்று பழக்கத்தில் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

கதவருகே இலாரியா கெட்டிலோடு நின்றிருந்தாள். குழந்தை இடுப்பில் இருந்தான்.

"இப்ப இந்தத் தண்ணியக் குடிக்கலாமா அம்மா?"

"குடிக்கலாம், கண்ணு," என்றாள் லோர்னா. "இப்ப அங்க யாரும் இல்ல."