முந்நூத்திப் பதினெட்டு

சத்யபிரியா மாம்பழக் கலர் சாஃப்ட் சில்க்கை விரித்துப் பிடித்து, "முந்தியைப் பாருங்க, ரன்னிங் பிளவுஸோட வருதுங்க" என்று ஒரு போனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் கிடந்த இன்னொரு போன் ஊரைக் கூட்டுகிற மாதிரிக் கத்தியது.

"என்னக்கா சத்தம், குக்கரா?" என்று லைவ்வில் ஒருத்தி கேட்டு எழுதினாள்.

"குக்கரெல்லாம் இல்லைங்க. எங்கூட்டுக்காருக்குச் சக்கரை ஏறிப்போச்சு. அஞ்சு நிமிசம் பொறுங்க, ஒருத்தரைத் திட்டிப்போட்டு வாரேன்."

சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் சேலை விற்கிறவர்கள் ஆயிரம் பேர். ஆனால் வியாபாரத்தை நடுவில் நிறுத்திவிட்டுப் புருசனைத் திட்டப் போகிறவள் இவள் ஒருத்திதான்.

புருசன் கந்தவேல் லைன் வண்டி டிரைவர். மாநிலம் விட்டு மாநிலம் ஓடுகிற நாமக்கல் லாரி. இந்த நடை ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு இந்தூர் போகிறான். கூட மாற்று டிரைவர் மணிமாறன். கந்தவேல் வயிற்றில் இன்சுலின் போட ஆரம்பித்து மூணு வருசம். கையில் காசு அகலத்துக்கு ஒரு வில்லை ஒட்டியிருக்கும். அது அவனுடைய சர்க்கரையை அளந்து அவன் போனுக்குச் சொல்லும். அவன் போன் இவள் போனுக்குச் சொல்லும். அவன் எந்த மாநிலத்தில் எதைத் தின்றாலும் இளம்பிள்ளையில் இவளுக்குத் தெரிந்துவிடும். அந்த மகராசன் பாடு திண்டாட்டம்தான்.

சும்மா ஒன்றும் அவள் இப்படிக் காவல் காக்கவில்லை. ரெண்டு மாசத்துக்கு முன்னால் ஊசி போட்டுவிட்டுச் சாப்பிட மறந்து, சர்க்கரை இறங்கி, ஸ்டியரிங்கில் தலை சாய்ந்து கிடந்தான். நல்ல காலம், வண்டி ஷெட்டில் நின்றிருந்தது. அது ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தால்? அதனால்தான் இந்த நடைக்குக் கிளம்பும்போது தீர்மானமாகச் சொன்னாள்: "இந்த நடையில நம்பர் ஒழுங்கா இருக்கோணும். இல்லைன்னா லைன் வண்டியே வேண்டாம். இறங்கி உள்ளூர்ல கோழித்தீவன வண்டி ஓட்டுங்க."

இருபத்திரண்டு வருசமாக லைனில் ஓடுகிறவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. "சரி" என்று தலையாட்டிவிட்டுப் போனவன், ஐதராபாத் தாண்டுவதற்குள் பிரியாணியில் மாட்டினான். அதற்கு முக்கால் மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டான். பழைய வில்லைக்கு நேற்றோடு பதினாலு நாள் கெடு முடிந்தது. இன்றைக்குக் காலையில் புது வில்லை ஒட்டிய கையைப் போட்டோ எடுத்து அனுப்பினான். அவளும் கட்டைவிரலைக் காட்டினாள்.

இப்போது அந்த வில்லைதான் முந்நூத்திப் பதினெட்டு என்று கத்துகிறது.

வீடியோ காலில் கந்தவேல் வந்தான். நாக்பூர் தாண்டி ஏதோ ஒரு தாபா. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பின்னால் மணிமாறன் தட்டு நிறைய எதையோ வைத்துக்கொண்டு மும்முரமாக இருந்தான்.

"ஏனுங்க, என்னத்தைத் தின்னீங்க?"

"ஒண்ணும் திங்கலை சத்யா. காலையில ரெண்டு ரொட்டி. மத்தியானச் சோறு இன்னும் சாப்பிடவே இல்லை."

"வெறும் வயித்துக்கு முந்நூத்திப் பதினெட்டுங்களா? என்ற காதுல பூ இருக்குதா, பார்த்துச் சொல்லுங்க."

"மெசின் கோளாறா இருக்கும்."

"ஐதராபாத்லயும் மெசின்தான் பிரியாணி தின்னுச்சா?"

மணிமாறன் வாயில் இருந்ததோடு சிரித்தான். அவனுக்கு எப்போதும் இது ஒரு பெருமை. "எங்க வம்சத்துலயே சக்கரை கிடையாது தங்கச்சி, கல்லைத் தின்னாலும் கரைஞ்சுபோகும்" என்பான்.

பேரைச் சொன்னாலே நோயாளிகள் நடுங்குகிற சேலம் ஃபேர்லேண்ட்ஸ் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தாளை சத்யபிரியா பீரோ கதவிலேயே ஒட்டி வைத்திருந்தாள். முந்நூறுக்கு மேல் போனால் ஆறு யூனிட் எச்சாகப் போட வேண்டும்.

"ஊசிப் பேனாவை எடுங்க. ஆறு வையுங்க. என்ற கண்ணு முன்னால போடுங்க."

"அப்புறமாப் போடறேன். இப்ப என்ற முறை, வண்டி எடுக்கோணும்."

"ஊசியைப் போட்டுட்டு எடுங்க. இல்லைன்னா இப்பவே ஓனருக்குப் போன் பண்றேன். இந்தூருக்கு மணிமாறண்ணன் மட்டும் போகட்டும், நீங்க ரயிலேறி வாங்க."

கந்தவேல் பையிலிருந்து பேனாவை எடுத்தான். ஊசியை மாட்டினான். டக் டக்கென்று ஆறு வரைக்கும் திருகிக் காட்டினான். சட்டையைத் தூக்கினான். அவன் முகத்தில் வேர்வை நிற்பதை அவள் பார்த்தாள். குட்டு வெளிப்பட்டுவிட்ட வேர்வை என்றுதான் நினைத்தாள்.

"குத்துங்க. பத்து எண்ணுறேன்."

ஊசி தோலுக்கு அரை அங்குலத்தில் நின்றது. அவள் ஒன்று, ரெண்டு என்று எண்ணவே ஆரம்பித்துவிட்டாள்.

"சத்யா. அந்த வில்லை என்ற கையில இல்லை."

அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "கழண்டு விழுந்துருச்சா?"

"ஒட்டவே இல்லை. நீ லைனை நிறுத்திப்போடுவேன்னு பயந்துட்டேன். அதான் மணிமாறன் கையில ஒட்டி, அந்தக் கையைப் போட்டோ எடுத்தேன். அவனுக்கு ஒண்ணும் இல்லையே, நம்பர் அழகா வரும்னு..."

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். ஆறு யூனிட். வெறும் வயிறு. அடுத்தது அவன் முறை. இருபத்தைந்து டன் ஜவ்வரிசியோடு வண்டியை எடுத்திருப்பான்.

"மெசினை எடுங்க. விரல்ல குத்திப் பாருங்க" என்றாள்.

அவன் விரலில் குத்தி, பட்டையில் ரத்தத்தைத் தொட்டுக் காட்டினான். தொண்ணூத்தி நாலு.

சத்யபிரியா சேலைக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ சாமி, நானே உங்களைக் கொன்னிருப்பேனே" என்று அழுதாள். இப்படி அழுது கந்தவேல் பார்த்ததே இல்லை. அவனுக்கு ஐதராபாத்தில் வாங்கிய திட்டே தேவலை போல் இருந்தது.

"நான்தான் சத்யா தப்பு. நீ எதுக்கு அழுவற?"

"நான் அப்படி மிரட்டாம இருந்திருந்தா நீங்க எதுக்குங்க அவர் கையில ஒட்டப் போறீங்க?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. "ஏனுங்க, அப்ப அந்த முந்நூத்திப் பதினெட்டு யாரோடது?"

கந்தவேல் மெதுவாகத் திரும்பினான். மூணாவது ஜிலேபியைக் கையில் எடுத்திருந்த மணிமாறன் அதை வாய்க்குக் கொண்டுபோகலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத் தட்டிலேயே வைத்தான்.

"மணிமாறண்ணா, தண்ணி நிறையக் குடிக்கறீங்களா?"

"வெயிலுக்குக் குடிக்கத்தானே வேணும் தங்கச்சி."

"அரை மணிக்கு ஒருக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கறான்" என்றான் கந்தவேல்.

மணிமாறன் விரலிலும் குத்திப் பார்த்தார்கள். முந்நூத்தி ஆறு. கல்லைத் தின்றாலும் கரைக்கிறவன் முகம் செத்துப்போனது. "ரஞ்சனிகிட்ட மட்டும் சொல்லிப்போடாத தங்கச்சி" என்று பெண்டாட்டி பேரைச் சொல்லிக் கெஞ்சினான்.

"மறைச்ச லட்சணத்தை இப்பத்தானே பார்த்தீங்க? இன்னைக்கே அங்க ஒரு டாக்டரைப் பாருங்க. ராத்திரி நீங்களே ரஞ்சனிகிட்டச் சொல்லுங்க. நாளைக்குக் காலையில நான் கூப்பிட்டுக் கேப்பேன். ஜிலேபியை அக்கட்டால வையுங்க முதல்ல."

பிறகு புருசனிடம் சொன்னாள். "வில்லை அவர் கையிலயே இருக்கட்டும். நீங்க இப்பச் சாப்பிடுங்க, சாப்பாட்டு ஊசியை மட்டும் போடுங்க. ஸ்டியரிங்கைத் தொடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் விரல்ல குத்தி நம்பரை எனக்கு எழுதுங்க. நிசமான நம்பரை. நான் லைனைப் பத்திப் பேசவே மாட்டேன், சத்தியமா. புது வில்லை வந்ததும் சக்கரை கீழ இறங்கினா மட்டும் என்ற போன் அடிக்கட்டும். மேல ஏறுனா நீங்களே பார்த்துக்குங்க."

"திட்ட மாட்டியா?"

"மாட்டேன்."

கந்தவேல் நம்பவில்லை. அவளுக்கே நம்பிக்கை இல்லை.

போனை வைத்துவிட்டு மறுபடி லைவ்வுக்குப் போனாள். மாம்பழக் கலரை மூணு பேர் கேட்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும், "திட்டி முடிச்சாச்சாக்கா?" என்று எழுதியிருந்தாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு முதல் செய்தி வந்தது. "டீயோட ஜிலேபி ஒண்ணு தின்னேன். 212. வண்டி எடுக்கறேன்."

சத்யபிரியாவின் விரல் பரபரத்தது. நீளமாக ஒரு திட்டு அடித்தாள். அதில் ஐதராபாத் பிரியாணியும் வந்தது, அவனைப் பெற்ற அப்பாவும் வந்தார். திரும்பப் படித்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "நல்லா இருந்துச்சுங்களா?" என்று எழுதி அனுப்பினாள்.