அமாவாசையன்று பசிக்காதவள்

அமாவாசை வந்தால் சௌந்தரவல்லி சாப்பிட மாட்டாள். தட்டைக் கொண்டுபோனால் புறங்கையால் ஒதுக்கிவிட்டு, "வயிறு நிறைஞ்சிருக்கு, யாரோ போட்டுட்டா" என்பாள். சதுரங்கப்பட்டினத்துக் கடலோரம், சவுக்குத் தோப்புக்குள் இருந்த அந்தப் பெண்கள் காப்பகத்தில் பஞ்சாங்கம் பார்க்கிற வழக்கமே விட்டுப்போயிற்று. அவள் தட்டை ஒதுக்கினால், சமையல் செய்யும் கல்யாணி அன்றைக்குக் குழம்பில் வெங்காயம் போட மாட்டாள். "அம்மா வயித்துல காலண்டரு கீது" என்று வேன் ஓட்டும் துரை சொல்லிச் சிரிப்பான்.

புத்தி கலங்கித் தெருவில் திரிந்த பெண்களைக் கொண்டுவந்து, மருந்து கொடுத்துத் தெளியவைத்து, வீடு கண்டுபிடித்துக் கொண்டுபோய் விடுகிற இடம் அது. வீடு கண்டுபிடிக்கிற வேலை சுஜாதாவுடையது. திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே ஒரு கிராமத்தில் நிலபுலன் உள்ள வீட்டுப் பெண். சமூகப்பணி படித்துவிட்டு, கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டுக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தவள்.

சௌந்தரவல்லியை டச்சுக் கோட்டைச் சுவர் ஓரமாகத்தான் கண்டெடுத்தார்கள். வெறுங்கால், கொப்புளம் போட்ட பாதம், உதட்டில் ஓயாத முணுமுணுப்பு. மருந்து உள்ளே போகப் போக முணுமுணுப்பு நின்றது. பேச்சு வந்தது, பேச்சோடு சிரிப்பும் வந்தது. ஊர் மட்டும் வரவில்லை. கேட்டால் கடலைக் காட்டுவாள்.

ஒரு நாள் சாயங்காலம், காயப்போட்ட துணியை மடித்துக்கொண்டே அவளாகச் சொன்னாள். செங்கல்பட்டில் வீடு. அகத்துக்காரர் போன பிறகு காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. பெண்டாட்டி, பிள்ளை, வந்து போகிற மனிதர்கள் என்று மகன் பட்டாபிக்குக் கஷ்டம். யாராவது வந்தால் பின்கட்டு அறையில் இவளை வைத்துப் பூட்டுவான். ஜன்னல் வழியாகத் தட்டு வரும். ஒரு நாள் பூட்ட மறந்தான். பஸ் ஏறி மாமல்லபுரம் வந்து, மணலில் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு, தண்ணீர் ஓரமாகவே தெற்கே நடந்துவிட்டாள்.

"அவன் கெட்டவன் இல்லடி. சாவியைத் திருப்பறச்சே அழுவான், எனக்குக் கேக்கும். ஆனா அந்தப் பூட்டின உள்ளுக்கு நான் திரும்பிப் போமாட்டேன். நீ யார்கிட்டயும் சொல்லப்படாது."

சுஜாதா வாக்குக் கொடுத்தாள்.

இது நடந்தது தொண்ணூற்றொன்பதில். அடுத்த தை அமாவாசைக்கு மருந்து வாங்க துரையின் வேனில் மாமல்லபுரம் போன சுஜாதா, காலை நனைக்கலாமென்று கடற்கரையில் இறங்கினாள். கரை முழுக்க ஈர வேட்டிகள். பனி கலையாத வெளிச்சத்தில் கடல் எது, வானம் எது என்று பிரியவில்லை. மந்திரங்கள் ஒன்றோடொன்று கலந்து, தூங்குகிறவன் மூச்சுப்போல ஏறி இறங்கின. அதற்குள்ளிருந்து ஒரு பெயர் மிதந்து வந்தது. சௌந்தரவல்லி. மறுபடியும், சௌந்தரவல்லி.

திரும்பிப் பார்த்தாள். முன்மண்டை வழுக்கை விழுந்த ஒருவர், கட்டை விரல் பக்கமாய் எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், தர்ப்பணம் பண்ணிவைத்த வாத்தியாரிடம் அவர் சொல்வது கேட்டது. செருப்பு இங்கேதான் கிடந்ததாம். உடம்பு கிடைக்கவில்லையாம். தர்ப்பையால் அம்மா மாதிரி செய்து எரித்தார்களாம்.

"நான்தான் கொன்னேன், ஸ்வாமி. ஒவ்வொரு அமாவாசைக்கும் இங்க வந்து சொல்லிண்டிருக்கேன். அவளுக்குக் கேக்கறதோ என்னமோ."

சுஜாதாவுக்கு நாக்கு நுனியில் வந்துவிட்டது. கேட்கிறது, சார். வயிறுகூட நிறைகிறது. ஒரே ஒரு வாக்கியம் போதும், அந்த மனிதரின் தோள் நிமிர்ந்துவிடும். அதே வாக்கியத்தில் இன்னொருத்தியின் கதவு பூட்டிக்கொள்ளவும் கூடும். விழுங்கினாள். முழுசாக விழுங்கவும் முடியவில்லை.

"சாமி, ஒரு சந்தேகம். இப்படி எரிச்சப்புறம் அவங்க உயிரோட திரும்பி வந்துட்டா இன்னா பண்ணுவாங்க?"

வாத்தியார் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்கும் சாஸ்திரம் இருக்கிறது என்றார். வந்தவர்கள் பழைய ஆளாக வீட்டுக்குள் நுழைய முடியாது. ஸ்நானம் பண்ணிவைத்து, பிறந்த குழந்தைக்குச் செய்கிறதெல்லாம் செய்து, பெயர் வைத்துத்தான் அழைத்துப்போக வேண்டும்.

பட்டாபி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க ஏன் கேக்கறேள்?" என்றார்.

ஊரில் யாரோ கேட்டார்கள் என்று பொய் சொல்லிவிட்டு வேனுக்கு நடந்தாள். கால் மணலில் புதைந்து புதைந்து வந்தது.

காப்பகத்தை நடத்துகிற சாராள் அம்மாவிடம்தான் முதலில் சொன்னாள். அவர் உடனே செங்கல்பட்டுக்கு ஆள் அனுப்பலாம் என்றார். உயிரோடு இருக்கிறவளுக்கு ஒருவன் எள் இறைப்பதைப் பார்த்துவிட்டு எப்படித் தூங்குவாய் என்று கேட்டார். சுஜாதா வாக்கைச் சொன்னாள்.

"அவங்களைக் கேக்காம சொன்னா, அந்தப் பூட்டை இந்த வாட்டி நாம போட்ட மாதிரி ஆவுமே, அம்மா."

"அவங்ககிட்ட சொல்லி, மறுபடியும் குரல் கேக்க ஆரம்பிச்சிட்டா? அதிர்ச்சி கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கீறாரே."

மகனிடம் சொன்னால் துரோகம், சொல்லாவிட்டால் பாவம். இவளிடம் சொன்னால் இவளே உடைந்துபோகலாம். சுஜாதா தோப்புக்குள் போய் உட்கார்ந்தாள். சவுக்கு மரங்களுக்குள் காற்று புகுந்து கடல்போலவே ஒலித்தது. அறைக்குள் வைத்து, ஜன்னல் வழியாகத் தட்டு மட்டும் கொடுத்தவர்களைப் போல, இவளுக்கு எவ்வளவு தெரிந்தால் போதும் என்று தானும் அளந்துகொண்டிருப்பது அப்போதுதான் உறைத்தது. எழுந்தாள்.

சௌந்தரவல்லி கிணற்றடியில் இருந்தாள். சுஜாதா எதையும் மறைக்காமல் சொன்னாள். செருப்பு, தர்ப்பை உருவம், எள்ளுத் தண்ணீர், அவர் அழுதது, வாத்தியார் சொன்னது, தான் சொன்ன பொய்.

"தலைமுடி கொட்டிடுத்தா அவனுக்கு?" என்றாள் சௌந்தரவல்லி. அதுதான் முதல் கேள்வி.

"முன்னாடி மட்டும், மாமி."

அன்றும் மறுநாளும் தட்டு வந்தபடியே திரும்பிப் போனது. கல்யாணி பயந்துபோய், அமாவாசை முடிந்துவிட்டதே என்றாள். மூன்றாம் நாள் காலையில் சௌந்தரவல்லி தானே வந்து தட்டை நீட்டினாள்.

"குழந்தைன்னா புதுப் பேர் வைப்பாளோ?"

"வைப்பாங்களாம், மாமி."

"பைத்தியம்ங்கற பேர் போயிடுமா?"

"அது மந்திரத்துல போவுமான்னு தெரியல. பூட்டு கூடாதுன்னு நான் வந்து பேசறேன். மாத்திரைய விடக் கூடாதுன்னும் பேசறேன். புடிக்கலைன்னா அன்னிக்கே திருப்பிக் கூட்டிக்கினு வந்துடுவேன்."

"குழந்தையைப் பூட்டிவைக்க மாட்டா" என்றாள் சௌந்தரவல்லி, தனக்குத்தானே.

மாசி அமாவாசைக்கு, துரையோடு மூவருமாக மாமல்லபுரம் போனார்கள். வேனைக் கரை ஓரம் நிறுத்திவிட்டு, அம்மா திரும்பிக்கொண்டால் தானும் வண்டியைத் திருப்பிவிடுவதாக துரை சொன்னான். பனிக்குள் ஈர வேட்டிகள் அசைந்தன. அவற்றில் ஒன்று குனிந்து குனிந்து எதையோ இறைத்துக்கொண்டிருந்தது. சௌந்தரவல்லி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்தாள். எந்தப் பக்கம் முடிந்தாலும் அதற்குத் தானும் பொறுப்பு என்று சுஜாதாவுக்குத் தெரியும்.

"அவன் அப்பா மாதிரியே குனியறான்" என்றாள் சௌந்தரவல்லி. பிறகு, "உன் செருப்பைக் குடுடி."

கோட்டை ஓரமாகக் கண்டெடுத்த நாளிலிருந்து செருப்பே போடாதவள் அவள். சுஜாதா கழற்றிக் கொடுத்தாள்.

"வெறுங்காலோட போய் நின்னா, கடல்லேர்ந்து எழுந்து வந்துட்டேன்னு நடுங்கிப்போயிடுவான். பேய் செருப்பு போட்டுக்காது பார்."

இரண்டு அளவு பெரிய செருப்பு. விரல்களை இறுக்கிக்கொண்டு, மெல்ல, தண்ணீரைப் பார்த்து நடந்தாள். கையில் மிச்சமிருந்த எள்ளோடு பட்டாபி தலையைத் தூக்கினார்.