இரண்டு விரல் தளர்வு

சூப்பிரண்டு வீட்டுக் கார் வெளியாட்களிடம் மட்டும் மிகுந்த மரியாதையுடன் நடந்துகொள்ளும். எந்த மெக்கானிக் ஏறி உட்கார்ந்தாலும், புகுந்த வீட்டுக்கு வந்த முதல்நாள் மருமகளைப் போல, அதிர்ந்து ஒரு சத்தம் போடாமல் சொன்ன இடத்துக்குப் போய், சொன்ன நேரத்துக்குத் திரும்பும். மெக்கானிக் இறங்கி, சூப்பிரண்டு தம் மனைவி மக்களோடு ஏறினால்தான் அதன் சுயரூபம் வெளிப்படும். ஊரெல்லாம் சுற்றிவிட்டு, வீட்டு மாடியின் கைப்பிடிச் சுவர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், நட்டநடுச் சாலையில் பொட்டென்று நின்றுவிடும். ஒரு நிமிடம் கழித்துச் சாவியைத் திருகினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

நான்கு பேர் வைத்தியம் பார்த்தாயிற்று. முதலாமவர் பெட்ரோல் பம்பை மாற்றினார். இரண்டாமவர், முதலாமவருக்குத் தொழிலே தெரியாது என்று சொல்லிவிட்டு ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார். மூன்றாமவர் கிராங்க் சென்சாரை மாற்றினார். என்ஜின் எப்படிச் சுற்றுகிறது என்று கணத்துக்குக் கணம் காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற, விரல் நீளச் சாமான் அது. கார் மறுபடி நின்றதும், தாம் மாற்றியதையே மறுபடி மாற்றினார். நாலாமவர் கண்ணை மூடிக்கொண்டு என்ஜின் சத்தத்தைக் கச்சேரி கேட்பது போலக் கேட்டு, "டைமிங் செயின் ஒரு பல்லு தாவியிருக்கு. என்ஜினைப் பிரிச்சே ஆகணும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

ஐந்தாவதாக வந்தவள் அந்த வீட்டு மருமகளாக வர ஆசைப்பட்டவள்.

அவள் ஆட்டோ எலக்ட்ரீஷியன். பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் வயரிங், சென்சார் வேலை எல்லாம் அவள் பொறுப்பு. சூப்பிரண்டின் மகன் கல்லூரியில் கணக்கு வாத்தியார். இரண்டு வருடத்துக்கு முன் அவனுடைய ஸ்கூட்டரைக் கிளப்பிக் கொடுத்தவள், அதற்குப் பிறகு ஸ்கூட்டருக்கு ஒன்றுமே ஆகாமல் அவன் வாரம் ஒருமுறை ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததை வைத்து, கோளாறு எங்கே என்று சரியாகக் கண்டுபிடித்தாள். வீட்டில் விஷயம் வெடித்தபோது சூப்பிரண்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"என் மருமக காருக்கு அடியில படுத்திருப்பாளா?"

"உங்க கார் இருக்கிற லட்சணத்துக்கு அப்படி ஒருத்தி தேவைதாங்க" என்றாள் அவர் மனைவி.

சூப்பிரண்டு முப்பத்தொரு வருடம் ஆவணப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நிபந்தனை இல்லாமல் எதற்கும் ஒப்புதல் தந்து பழக்கமில்லை. "மூணு ஞாயித்துக்கிழமை டைம். வண்டி சரியாச்சுன்னா கல்யாணப் பேச்சு. ஆகலைன்னா, அந்தப் பேச்சே இந்த வீட்டுல எடுக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

முதல் ஞாயிறு அவள் தனியாக நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தாள். கார் தங்கமாக ஓடியது. என்ஜின் அறையைத் திறந்து பார்த்து அசந்துபோனாள். ஒயர்களெல்லாம் சடை பின்னினாற்போல அடக்கமாக, வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. எவனோ நல்ல வேலைக்காரன் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். இரண்டாவது ஞாயிறு லேப்டாப்பைக் கொண்டுவந்து மாட்டினாள். திரையில் மேலே, டைமிங் செயினின் மறுமுனையைக் கவனிக்கிற கேம் சென்சாரின் கோடு, கீழே கிராங்க் சென்சாரின் கோடு. இரண்டும் அந்நியோன்னியமான தம்பதி போல அடி பிசகாமல் போயின. டைமிங் செயின் தாவவில்லை என்பது மட்டும் உறுதியாயிற்று. கார் நிற்கவே இல்லை. நிற்காத காரில் எதைக் கண்டுபிடிப்பது?

மூன்றாவது ஞாயிறு காலை வந்து நின்றவள் சும்மா கேட்டுவைத்தாள்: "சார், எப்பெப்ப நிக்குதுன்னு எங்கயாவது குறிச்சு வெச்சிருக்கீங்களா?"

வீடே சிரித்தது. சூப்பிரண்டின் மகளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். பெயருக்கேற்றபடி அவள்தான் அதிகம் சிரித்தாள். "அண்ணி, எங்கப்பாகிட்டப் போய் அந்தக் கேள்வியைக் கேக்கலாமா?"

"அண்ணியா? அதுக்குள்ளயா?" என்று முறைத்துவிட்டு சூப்பிரண்டு உள்ளே போய், காக்கி அட்டை போட்ட நீளப் பதிவேடு ஒன்றைக் கொண்டுவந்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பிரித்த பத்திகள். நாள், நேரம், இடம், வாகனத்தில் இருந்தோர், ஐயப்படும் காரணம். குண்டு குண்டான கையெழுத்தில் இருபத்துமூன்று பதிவுகள். காரணப் பத்தியில் 'பெட்ரோல் தரம்', 'வெயில்', 'மனைவி தொடர்ந்து பேசியது' என்று பலதும் இருந்தன. கடைசியாகச் சொன்னது ஒன்பது முறை வந்திருந்தது.

அவள் விரலை வைத்து இடத்துக்கான பத்தியில் மேலிருந்து கீழே இறங்கினாள். தண்ணீர்த் தொட்டி மேடு. தண்ணீர்த் தொட்டி மேடு. தண்ணீர்த் தொட்டி மேடு. பக்கத்துப் பத்தியில் 'நால்வரும்'. வேறு எதுவுமே இல்லை.

"இதை இந்த நாலு மெக்கானிக்கும் பாக்கலையா சார்?"

"கேட்டாத்தானேம்மா காட்ட முடியும்? நானா நீட்டினா அது முறையில்ல."

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "எல்லாரும் வண்டியில ஏறுங்க. இப்பவே."

சூப்பிரண்டு ஓட்டினார். பக்கத்தில் அவள், மடியில் லேப்டாப். பின்னால் அம்மா, வாத்தியார், வாலு. கிளம்பும் முன் சூப்பிரண்டு பதிவேட்டில் 'வாகனத்தில் இருந்தோர்: நான், மனைவி, மகன், மகள், எலக்ட்ரீஷியன்' என்று எழுதிவிட்டுத்தான் சாவியைத் திருகினார்.

"கிளட்சை மெதுவா விடுங்க. எத்தனை தடவை சொல்றது" என்று ஆரம்பித்தாள் அம்மா.

"பாத்தியாம்மா? வண்டி எடுத்து அரை நிமிஷம் ஆகலை" என்றார் சூப்பிரண்டு எலக்ட்ரீஷியனிடம்.

"நான் பேசறதாலயா வண்டி நிக்குது? அப்படின்னா முப்பது வருஷத்துல நீங்க எத்தனை தடவை நின்னிருக்கணும்!"

"அம்மா, கொஞ்சம் சும்மா இரேன்" என்றான் வாத்தியார்.

"வேண்டாம், பேசட்டும்" என்றாள் எலக்ட்ரீஷியன். "எப்பவும் போறபடியே போகணும். எதையும் மாத்த வேண்டாம்."

இப்படி ஒரு அனுமதி அம்மாவுக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. அந்தப் பெண்மேல் அவளுக்குப் பிரியம் உறுதியானது அந்த நொடியில்தான்.

சந்தை வரை போய்த் திரும்பி, தண்ணீர்த் தொட்டியருகே வளைந்து, முதல் கியரில் கார் மேடேறத் தொடங்கியது. ஐந்து பேரின் பாரம். என்ஜின் முனகியது. திரையில் கீழ்க்கோடு சட்டென்று படுத்துவிட்டது. மேல்கோடு மட்டும் இன்னும் இரண்டு துள்ளல் துள்ளியது. கார் நின்றது.

"நின்னுடுச்சு!" என்று கத்தினாள் எலக்ட்ரீஷியன், பரீட்சையில் தேறியவளைப் போல. நடுரோட்டில் வண்டி நின்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தியை அந்தக் குடும்பம் அதுவரை பார்த்ததில்லை.

கை பிரேக்கைப் போடச் சொல்லி, பானட்டைத் திறந்து டார்ச் அடித்தாள். என்ஜின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கிராங்க் சென்சார் வாய் மூடிக்கொள்கிறது. சென்சார் புதுசு. அப்படியானால் ஒயர். சென்சாரிலிருந்து வரும் ஒயரை விரலால் பின்தொடர்ந்து போனாள். அது வீணைத் தந்தி போல விறைத்துக்கொண்டு வந்து, காரின் இரும்புச் சட்டத்தோடு பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. ரப்பர் மெத்தைமேல் உட்கார்ந்திருக்கும் என்ஜின், பாரத்தோடு மேடேறும்போது ஒரு பக்கம் சாயும். சாய்ந்தால் ஒயரை இழுக்கும். இழுத்தால் இணைப்பு ஒரு மயிரிழை விலகும். அவ்வளவுதான். வண்டி நின்றதும் என்ஜின் பழைய நிலைக்கு வரும், இணைப்பும் கூடிவிடும்.

பட்டையின் அடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. 'ஒயர் எண் 14'. குண்டு குண்டான கையெழுத்து.

முதல் ஞாயிறு தான் மெச்சியது யாரை என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

வாத்தியார் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தான். காகிதத்தைப் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது. "எலி" என்று காதோரம் கிசுகிசுத்தான். "எலி கடிச்சிருச்சுன்னு சொல்லிடு. ப்ளீஸ்."

"வாத்தியாரே, பல்லு பட்ட தடமே இல்ல."

"அவர் எலியைப் பாக்கப்போறாரா? அப்பாவோட முகத்துக்கு நேரா நீங்கதான் காரணம்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. ஆபீஸ்லகூட. இன்னிக்குக் கடைசி ஞாயிறு. எலின்னு ஒரு வார்த்தை, நமக்குக் கல்யாணம்."

ஒரே ஒரு வார்த்தைதான். அவள் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எலி என்று சொன்னால் சூப்பிரண்டு என்ன செய்வார்? எலிப்பொறி வாங்கி வைப்பார். அடுத்த மாதம் பானட்டைத் திறந்து, கலைந்து கிடக்கும் ஒயரைப் பார்த்து மனம் பொறுக்காமல் மறுபடி இறுக்கிக் கட்டுவார். கார் மறுபடி இதே மேட்டில் நிற்கும். அப்போது அவள் இந்த வீட்டு மருமகளாகப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, காரணம் தெரிந்தும் வாயைத் திறக்க முடியாமல் விழிக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு?

"சார், பதிவேட்டைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க" என்றாள். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டான்.

"முதல் தடவை நின்னது எந்தத் தேதி சார்? அதுக்கு முந்தின பக்கத்துல வேற ஏதாவது எழுதியிருக்கீங்களா?"

சூப்பிரண்டு ஒரு பக்கம் பின்னால் புரட்டினார். ஆபீஸ் வழக்கப்படி உரக்க வாசித்தார். "வாகனப் பராமரிப்பு. என்ஜின் அறையில் தாறுமாறாகத் தொங்கிய ஒயர்கள் பதினான்கும் வரிசைப்படுத்தப்பட்டு, எண்ணிடப்பட்டு, இறுக்கமாக..."

வாசிப்பு அங்கே நின்றது. கார் நின்றது போலவேதான்.

அவள் காரைக் கிளப்பச் சொன்னாள். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஒயரை விரலால் லேசாக ஒரு இழுப்பு இழுத்தாள். என்ஜின் அணைந்தது. பிறகு பதினான்காம் எண் பட்டையை வெட்டிவிட்டாள். ஒயர் 'அப்பாடா' என்று தொங்கியது. மறுபடி கிளப்பச் சொல்லி, இழுத்துக் காட்டினாள். என்ஜின் அசரவில்லை.

"கட்டினது தப்பில்ல சார். இவ்வளவு நேர்த்தியா எங்க ஒர்க்‌ஷாப்புலகூட யாரும் கட்ட மாட்டாங்க. ஆனா என்ஜின் ஆடுற சாமான். ஆடுறதோட ஆடாததைச் சேர்த்துக் கட்டினா, நடுவுல கொஞ்சம் தளர்வு விட்டே ஆகணும்."

"நான் பேசினதுன்னு ஒன்பது தடவை எழுதியிருக்கார்" என்றாள் அம்மா, காரின் உள்ளேயிருந்து, யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல்.

மேடேறி வீட்டுக்குப் போகும்வரை கார் நிற்கவில்லை. சூப்பிரண்டு யாரையும் திரும்பிப் பார்க்காமல் நேராகக் கூடத்துக்குப் போய் மேஜையில் பதிவேட்டை விரித்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதத் தொடங்கினார். முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு எலக்ட்ரீஷியன் வாசலில் செருப்பைத் தேடினாள்.

வாலு அப்பாவின் தோளுக்குமேல் எட்டி, சத்தம் போட்டு வாசித்தாள். "'காரணம்: ஒயர்கள் தேவைக்கு மேல் ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தமை கண்டறியப்பட்டது.' யாரால ஒழுங்குபடுத்தப்பட்டதுப்பா?"

"அதுக்குப் பத்தி ஒதுக்கலை" என்றார் சூப்பிரண்டு.

"ஒதுக்குங்க" என்றாள் அம்மா.

அவர் சிறிது நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஓரத்தில் இடம் பார்த்து, குண்டு எழுத்தில், 'என்னால்' என்று எழுதினார். முப்பத்தொரு வருடப் பணியிலும் அதே அளவு மணவாழ்க்கையிலும் அந்த வார்த்தை அவர் பேனாவிலிருந்து வந்தது அதுதான் முதல்முறை. எழுதிவிட்டு, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று சந்தேகத்தோடு பார்த்தார்.

"ஏம்மா, கிளம்பிட்டியா? இங்க வா. தளர்வுன்னியே, எவ்வளவு? அளவு வேணும்."

அவள் செருப்பை விட்டுவிட்டு வந்தாள். "ரெண்டு விரல் சார்."

"யாரோட விரல்?"

அவள் தன் கையை நீட்டினாள். நகக்கண்களில் கிரீஸ் கறுத்திருந்தது. சூப்பிரண்டு அந்த இரண்டு விரல்களின் பக்கத்தில் ஸ்கேலை வைத்து அளந்து எழுதிக்கொண்டார். பிறகு அன்றைய பதிவின் மேற்பகுதிக்குப் போனார். 'வாகனத்தில் இருந்தோர்' என்ற இடத்தில் 'எலக்ட்ரீஷியன்' என்ற சொல்லை ஸ்கேல் வைத்து நேராக அடித்து, அதன்மேல் சின்னதாக 'மருமகள் (ஆகவிருப்பவர்)' என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டார்.

வாத்தியார் அந்தத் திருத்தத்தை இரண்டு தடவை வாசித்துப் பார்த்தான். அம்மா உள்ளே திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"மீதிப் பதிமூணு ஒயரையும் அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பாத்துடும்மா" என்றார் சூப்பிரண்டு, பேனாவை மூடியபடி. "நானே அவுத்துடுவேன். ஆனா அவுத்தா, மறுபடி கட்டணும்னு தோணும்."

"சரிங்க மாமா" என்றாள் அவள். "பட்டை இருக்கிற டப்பாவை மட்டும் இப்பவே எங்கிட்டக் குடுத்துடுங்க."