துணைக்கு ஒரு நாற்று

நட்டு முடித்த அன்று, ரோட்டில் போன ஒருத்தர்கூட வாயை மூடிக்கொண்டு போகவில்லை. "நாத்து பத்தலையா?" என்றார் ஒருவர். "மீதிய நாளைக்கு நடுவீங்களா?" என்றார் இன்னொருவர். பால்காரர் மட்டும் சைக்கிளை விட்டு இறங்கி, நிதானமாகப் பார்த்துவிட்டு, "ஆடு மேஞ்சிடுச்சா, பாவம்?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. நாற்றைக் கொத்தாகப் பிடித்து நெருக்கி நட்டுத்தான் எல்லோருக்கும் பழக்கம். நாங்கள் நட்டதோ இரண்டே இலை விட்ட பிஞ்சு நாற்று. அதுவும் குத்துக்கு, அதாவது நடுகிற இடத்துக்கு, ஒன்றே ஒன்று. முடிச்சுப் போட்ட கயிற்றை வரப்புக்கு வரப்பு இழுத்துப் பிடித்து, முடிச்சுக்கு ஒன்றாக, சதுரம் சதுரமாக நட்டிருந்தோம். தண்ணீரையும் தேக்கவில்லை. ஈரம் சுண்டி லேசாக வெடிப்பு விடும்போது பாய்ச்சினால் போதுமாம். பயிற்சி வகுப்பில் விவசாய ஆபீசரம்மா இதையெல்லாம் சொன்னபோது, நான் முதல் வரிசையில் உட்கார்ந்து மண்டையை மண்டையை ஆட்டினேன். வயலில் நின்று பார்த்தபோது எனக்கே நம்பிக்கை ஆட்டம் கண்டது.

ஆட்டம் காணாமல் என்ன செய்யும்? வயலே கைவிட்டுப் போகிற நிலைமை. என் கணவரின் அண்ணன், வீட்டில் எல்லோருக்கும் 'பெரியவர்', அந்த நிலத்தை வெட்டி மீன் குட்டை ஆக்க வேண்டும் என்று அத்தையை நச்சரித்துக்கொண்டே இருந்தார். நிலம் என் மாமியாரான அந்த அத்தையின் பெயரில் இருக்கிறது. "நெல்லுல என்னம்மா மிச்சம்? சாப்பிடத்தான் சரியா இருக்கு" என்பார். குட்டை வெட்டினால் மேல்மண் போய்விடும். அப்புறம் அது என்றைக்கும் வயல் ஆகாது. எனக்கோ அந்த வயல்தான் உயிர். கல்யாணமாகி வந்ததிலிருந்து அதில் என் கால் படாத இடம் கிடையாது. கடைசியில் அத்தை தீர்ப்புச் சொன்னார்: "இந்த ஒரு போகம் அவ இஷ்டத்துக்குப் பண்ணட்டும். போன போகத்தைவிடக் கூட வந்துச்சுன்னா வயல். இல்லன்னா குட்டை."

நட்ட கையோடு, தங்கைக்குப் பிரசவம் என்று செய்தி வந்தது. நான் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பஸ்ஸிலிருந்தே பார்த்தேன். ரோட்டுப் பக்கத்துப் பாதி வயல் பச்சைப் பசேலென்று நிரம்பியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து சீட்டுக்காரியிடம், யார் எவர் என்றுகூடக் கேட்காமல், "அது எங்க வயல்" என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் களைவண்டியை இறக்கினேன். பல் வைத்த இரண்டு உருளை, நீளக் கைப்பிடி, அவ்வளவுதான் அந்த வண்டி. வரிசைக்கு நடுவே தள்ளிக்கொண்டு போனால் களையெல்லாம் மண்ணுக்குள் அமுங்கி உரமாகிவிடும். வாய்க்காலை ஒட்டிய உள்பாதியில் சும்மா வழுக்கிக்கொண்டு ஓடியது. ரோட்டுப் பாதிக்கு வந்ததும் முரண்டு பிடித்தது. குனிந்து பார்த்தேன். நான் விட்ட இடைவெளியில், நட்ட நடுவே, ஒரு நாற்று. அதற்கடுத்த இடைவெளியில் இன்னொன்று. ரோட்டுப் பாதி முழுக்க அப்படித்தான் இருந்தது.

எனக்குப் பெரியவர் முகம்தான் கண் முன்னால் வந்தது. சேற்றுக் காலோடு நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் மாமா, நேருக்கு நேரா ஜெயிக்க முடியாதா உங்களால? நான் ஊர்ல இல்லாத நேரத்துல வயல்ல இறங்கி இப்படிப் பண்ணலாமா?"

கிழி கிழி என்று கிழித்தேன். அவர் எடுத்த சோறு வாய்க்குப் போகவே இல்லை. "நான் என் வயல்லயே இறங்கி எத்தனை வருஷமாச்சு! என்னைப் போயி..." என்று திணறினார்.

அதற்குள் அத்தை மூச்சு வாங்க ஓடி வந்துவிட்டார். "அவனை எதுக்கும்மா திட்டற? நான்தான் நட்டேன்."

"நீங்களா? எதுக்கு அத்தை?" என்றேன்.

"ரோட்ல போறவன் வர்றவன் எல்லாம் சிரிக்கிறான். அதுவும் குழந்தை மாதிரி ஒத்தையா நின்னுட்டிருக்கு. மனசு கேக்கல. துணைக்கு ஒண்ணு வச்சேன். நாத்து தீந்துபோச்சு, இல்லன்னா உள்பக்கமும் வச்சிருப்பேன்."

இந்த முறைக்கு விதை கொஞ்சம்தான் தேவை. மிஞ்சிய விதைநெல்லை வீணாக்க மனசில்லாமல், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் தனியாக நாற்றங்கால் போட்டிருக்கிறார். என் வீட்டுக்காரருக்கும் எல்லாம் தெரியும். "அம்மா மனசு கஷ்டப்படுமேன்னு..." என்று இழுத்தார். என் மனசு என்ன கல்லா என்று கேட்டேன்.

பிடுங்கி எறிகிறேன் என்று கிளம்பினேன். அத்தை வரப்பில் குறுக்கே நின்றார். "நட்டதைப் பிடுங்கறதாவது! என்னைத் தாண்டிப் போ பாக்கலாம்." நான் தாண்டவில்லை. பொருமிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ரோட்டுப் பாதியில் வண்டி ஓடாததால் கையால் களை எடுத்து இடுப்பு ஒடிந்தது. அங்கே பயிர் நெருக்கியடித்துக்கொண்டு ஒல்லி ஒல்லியாக வளர்ந்தது. உள்பாதியோ கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டு, திடீரென்று தூர் கட்ட ஆரம்பித்தது. ஒற்றை நாற்று நாலாகி, எட்டாகி, குத்து ஒவ்வொன்றும் புதராகி இடைவெளியையே மூடிவிட்டது. தினமும் போய்ப் பார்ப்பேன். சந்தோஷம் தாங்காமல் தனியாகச் சிரிப்பேன். ஒருநாள் அத்தையும் கூட வந்தார். ஒரு குத்தை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்தார். விரலோடு விரல் தொடவில்லை. "ம்" என்றார். அந்த ஒரு "ம்"முக்கு நான் அன்றைக்கு வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

ஆனாலும் பயம் விடவில்லை. உள்பாதி கூடக் கொடுத்து, ரோட்டுப் பாதி காலை வாரிவிட்டால்? நினைத்த மாதிரியே, அறுப்புக்கு முன்னால் அடித்த காற்றில் ரோட்டுப் பாதி படுத்துவிட்டது. உள்பாதி அசையவில்லை.

களத்தில் ரோட்டுப் பாதிக் கட்டுகளைத்தான் முதலில் அடித்தோம். அந்தப் பாதி வழக்கமாகக் கொடுப்பதைவிடக் குறைச்சல். பெரியவர் களத்து ஓரத்தில் வந்து நின்றார். நிரம்பிய சாக்குகளை விரல் விட்டு எண்ணினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அப்புறம் உள்பாதிக் கட்டுகள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. அடிக்க அடிக்க நெல் சொரிந்தது. போன போகத்துக்குப் பிடித்த சாக்குகளைத்தான் மடித்துக் கொண்டுவந்திருந்தோம். எல்லாம் நிரம்பி, வாயும் கட்டியாயிற்று. குவியல் இன்னும் அத்தையின் இடுப்பளவு நின்றது.

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் குவியலைப் பார்த்தார். அப்புறம் மூத்த மகன் பக்கம் திரும்பினார்.

"என்னடா வேடிக்கை? உங்க வீட்ல கிடக்கற சாக்கை எல்லாம் எடுத்துட்டு வா. வயல் வயலாவே இருக்கும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசு என்று சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

பெரியவர் சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டே வந்தார். வருகிற வழியில் உள்பாதியில் நின்று, அறுத்த அடித்தாளைக் காலால் எத்திப் பார்த்திருக்கிறார். அது அசைந்து கொடுக்கவில்லை. சாக்கை இறக்கி வைத்துவிட்டு, மெதுவான குரலில் என்னிடம் கேட்டார்: "அந்த முடிச்சுக் கயிறு இருக்காம்மா?"

"இருக்கு மாமா. அன்னிக்குத் திட்டினதை மனசுல வச்சுக்காதீங்க."

"பாதிச் சாப்பாட்டுல எழுப்பிட்ட. அதை மட்டும் மறக்க மாட்டேன்" என்று சிரித்தார்.

அடுத்த போகம் பெரியவர் வயலில் நடவு. கயிற்றின் ஒரு முனையில் நான், மறுமுனையில் என் வீட்டுக்காரர். அத்தை வரப்பில் நின்று மேற்பார்வை. ரோட்டில் போகிறவர்களை அவரே கூப்பிட்டு நிறுத்துகிறார். "பாதி அப்படி, பாதி இப்படின்னு நட்டுப் பாத்தேன்ல நான்? பரீட்சை பண்ணாம சொல்ல மாட்டேன்." ஆபீசரம்மாவிடமே கூசாமல் இதைச் சொல்லி, கைகுலுக்கலும் வாங்கிக்கொண்டார். எனக்கு முதலில் வயிறு எரிந்தது. ஆனால் நான் தொண்டை வற்றச் சொன்னபோது ஒருத்தரும் கேட்கவில்லை. அத்தை பீற்றிக்கொண்டால் கேட்கிறார்கள். பால்காரர்கூடத் தன் வயலுக்குக் கயிறு கேட்டு வைத்திருக்கிறார். பீற்றிக்கொள்ளட்டும், நன்றாகப் பீற்றிக்கொள்ளட்டும்.

நடு வயலில் குனிந்து நட்டுக்கொண்டிருந்த பெரியவர், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஒரு முடிச்சில் இரண்டு நாற்றை வைத்தார். அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார். மகன் கையில் பட்டென்று ஓர் அடி. நட்டதைப் பிடுங்கவே கூடாது என்ற அதே அத்தை, கூட வைத்த நாற்றைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"பாவம்மா, ஒத்தையா நிக்குதே" என்றார் பெரியவர்.

"நிக்கட்டும்டா. துணைக்கு வேணுங்கிற ஆளை அதுவே பெத்துக்கும்."