பெரிய வெள்ளி இடி

கோயில் வேலை பார்க்கும் பிலோமி அக்கா, மேடைத் திரைக்குப் பின்னால் இருந்த பெட்டியின் ஒயர்களை நிறம் பிரித்து, வளையமாகச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். சிவப்பு தனி, மஞ்சள் தனி, கறுப்பு தனி.

"என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று கத்தினேன்.

"ஏன் எல்சா இந்தக் கத்து கத்தற? நேத்துப் பூசையில வானவர் கீதத்தோட மணி, ஆர்மோனியம் எல்லாம் நிறுத்தியாச்சு. ஆர்கனுக்குத் துணி போட்டேன். இதுவும் வாசிக்கறதுதானே? ஒயரைப் புடுங்கி அழகா கட்டி வெச்சேன்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பெரிய வியாழனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் எந்த வாத்தியமும் ஒலிக்கக்கூடாது. மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். இன்றைய நாடகத்தில் வரும் இடிச் சத்தம் வாத்தியத்தில் சேராது என்று ஃபாதர் அனுமதி கொடுத்திருந்தது அக்காவுக்குத் தெரியாது. பெட்டியைச் செய்த டெனினோ சி.எஸ்.ஐ. சபைப் பையன். அவர்கள் சர்ச்சில் இன்றைக்குத்தான் மூன்று மணி நேரம் ஆர்கன் வாசிப்பார்கள். இப்படி ஓர் ஆபத்து இருக்கிறதென்று அவனுக்கு எப்படித் தோன்றும்?

அந்தப் பெட்டி டெனின் வீட்டிலேயே செய்த சிந்தசைசர், மின்சாரத்தில் விதவிதமான சத்தம் உண்டாக்குவது. தேயிலைப் பெட்டிப் பலகையில் கூடு, முன்னால் அலுமினியத் தகடு, தகடு முழுக்க ஓட்டைகளும் திருகுகளும். எதற்கும் பெயர் எழுதவில்லை, மகராசன். எந்த ஓட்டையிலிருந்து எந்த ஓட்டைக்கு ஒயர் போகிறதோ, அதுதான் சத்தம். ஒயரைப் பிடுங்கினால் சத்தமும் போயிற்று. ஏசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகத்துக்கு இடி வரவழைக்க ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டான். எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: அவன் வரத் தாமதமானால், ஏசு தலை சாய்ந்ததும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும்.

நாடகம் கெட்டுவிடுமே என்பதல்ல என் பயம். அதை நடத்துவது என் அப்பா சில்வஸ்டர். டெனினைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னபோது, "வேற சபைக்காரன். போதாததுக்கு ஒயர் பைத்தியம். மொதல்ல அவன் இடி இடிக்குதான்னு பாக்கறேன், அப்பறம் மாப்பிள்ளையா இல்லையான்னு பேசலாம்" என்று முடித்துவிட்டார். இடிச் சத்தத்துக்காக வருடா வருடம் இரண்டு பேர் பிடித்து ஆட்டும் தகரத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். இனி இடி வந்தால்தான் எனக்குக் கல்யாணம்.

டெனின் குந்தா நீர்மின் நிலையத்தில் டியூட்டி முடிந்து இந்நேரம் குன்னூர் வந்து சேர்ந்திருக்க வேண்டும். போன் போட்டேன்.

"மஞ்சூர் தாண்டி ரோட்டுல மரம் விழுந்து கெடக்குது எல்சா. அறுத்துட்டு இருக்காங்க."

"நான் இங்க செத்துட்டு இருக்கேன், நீ மரம் அறுக்கறதை வேடிக்கை பாக்கறியா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"நீயேதான் சொருகணும்."

"எனக்கு மிக்ஸி பிளக்கைத் தவிர ஒண்ணும் சொருகத் தெரியாது. நானா இதைச் செஞ்சேன்? பேர் எழுதித் தொலைச்சிருந்தா என்ன?"

"இன்னைக்கு ஒரு நாளாவது எதுத்துப் பேசாம கேளு சாமி. போன்ல சார்ஜ் போகப் போகுது."

வாயை மூடிக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய காரியம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"மேல் வரிசை, இடது ஓரத்து ஓட்டை. அதை அணைன்னு வெச்சுக்க. எந்நேரமும் சோன்னு சத்தம் ரொம்பி நிக்கும். அதைப் பக்கத்துல பெரிய திருகு இருக்கற எடத்துல வுடு. அது பைப்பு. திருகைக் கொறச்சா கீச்செல்லாம் போயி அடிச் சத்தம் மட்டும் வரும். அங்கிருந்து நடுவுல இருக்கற வால்வுக்கு. வால்வுல இருந்து ஸ்பீக்கருக்கு."

"ம்."

"வால்வை யாரு தொறப்பா? அதுக்கு ஒரு கை வேணும். சிவப்புப் பொத்தானுக்கு மேல இருக்கறதுதான் கை. அதுல இருந்து போற ஒயர்ல சத்தம் போகாது, உத்தரவு மட்டும்தான் போகும். அதை வால்வோட ரெண்டாவது ஓட்டையில குடு. அப்பறம் அந்தக் கையில ரெண்டு சின்னத் திருகு..."

போன் செத்துவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டேன். சுவிட்ச் ஆஃப்.

ஹாலில் ஜனம் வர ஆரம்பித்திருந்தது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஹெட்போனை மாட்டினேன். அணையிலிருந்து நேராகச் சொருகினால் காது கிழிய 'உஸ்'. பைப்பு வழியாக விட்டால் மலையிறங்கும் லாரி போல ஓயாத உறுமல். வால்வை நடுவில் வைத்ததும் எல்லாம் அடங்கியது. உத்தரவு ஒயரை அவசரத்தில் ஸ்பீக்கர் ஓட்டையிலேயே கொடுத்துவிட்டேன். பொத்தானை அழுத்தினால் யாரோ கதவைத் தட்டுவது மாதிரி 'டொக்'. அழுகை வந்தது. பிடுங்கி, வால்வின் இரண்டாவது ஓட்டையில் கொடுத்தேன். அழுத்தினேன். உறுமல் வந்து, போனது.

வந்துவிட்டது! ஆனால் இது இடி இல்லை, இருமல். அந்தச் சின்னத் திருகுகள் என்ன செய்யும் என்று தெரியாமல் இரண்டையும் திருகினேன். மறுபடி அழுத்திப் பார்ப்பதற்குள் மேடையில் மரக்கட்டை தட்டிவிட்டார்கள். ஸ்பீக்கரைப் போட்டேன், இனிமேல் சோதித்துப் பார்க்க முடியாது.

நாடகத்தில் ஒரு காட்சியும் என் மனதில் ஏறவில்லை. கடைசியில் ஏசுவாக நடித்த பெனிஸின் தலை சாய்ந்தது. பொத்தானை அழுத்தினேன்.

ஒன்றுமில்லை.

வழக்கப்படி ஹால் மொத்தமும் முழந்தாளிட்டது. சிலுவைக்குக் கீழே, ரோமப் படைத்தலைவன் வேடத்தில் அப்பா நின்றிருந்தார். அவர் கண் நான் இருந்த திரைப்பக்கம் திரும்பியது. மாதாவே, என்னைக் கைவிட்டுவிடாதே. எந்த ஒயர் தப்பு? சிவப்பா? மஞ்சளா? பிடுங்கிவிடலாம் என்று கையை நீட்டினேன்.

அப்போது என் காலடிப் பலகை அதிர்ந்தது. முதலில் சத்தமே இல்லை, அதிர்வு மட்டும். பிறகு தரைக்கடியிலிருந்து எழுந்து வருவது போல உறுமல் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. ஒரு குழந்தை வீறிட்டது. நான் திருகிய திருகு, வால்வை மெல்ல மெல்லத் திறக்க வைத்திருக்கிறது! அப்பா வசனத்தை மறந்து கூரையைப் பார்த்து நின்றார். இடி வந்த மாதிரியே மெதுவாக அடங்கியது. அதன் பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் அப்பா திரைக்குப் பின்னால் வந்தார்.

"டெனின் எப்ப வந்தான்?"

அவன்தான் செய்தான் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் இந்த மனிதரிடம் பொய் சொல்லி ஒருத்தனை மாப்பிள்ளை ஆக்க எனக்குப் பிடிக்கவில்லை.

"இன்னும் வரலீங்கப்பா. பிலோமி அக்கா ஒயரெல்லாம் புடுங்கிட்டாங்க. அவன் போன்ல சொன்னான், நான் சொருகினேன். இந்த இடி அவன் செஞ்சு வெச்சது இல்லீங்க. அது வேற மாதிரி இருந்துச்சு."

அப்பா பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அவன் சொல்லச் சொல்ல நீ கேட்டியா?"

"கேட்டேன்."

"எதுத்துப் பேசாம?"

"ஆமாங்க."

அட்டைத் தலைக்கவசத்தைக் கழற்றி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இருவத்தேழு வருசமா நானும் உங்கம்மாளும் தொண்டத்தண்ணி வத்தக் கத்திருக்கோம் அம்மிணி. ஒரு வார்த்தை காதுல வாங்கினதில்ல நீ. ஞாயித்துக்கெழம அவங்கப்பா அம்மாவையும் கூட்டிட்டு நம்ம ஊட்டுக்கு வரச் சொல்லு."